ஒரே மாத்திரை, மூன்று முறை: ஒரு லாப்ரடார் பெண்நாயின் ஓயாத சிறுநீர்த் தொற்று

தென்மாவட்ட நகரம் ஒன்றில் நாங்கள் நடத்தும் சிறிய கால்நடை மருத்துவமனைக்கு வந்த ஒரு நாயைப் பற்றிய பதிவு இது. ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் அதைத் தொடர்ந்து பார்த்தோம். குடும்பத்தாரின் அனுமதியோடு, அடையாளங்களை நீக்கி எழுதுகிறேன். முதல் வருகையை நாள் 0 என்று கொண்டு மற்ற நாட்களை எண்ணியிருக்கிறேன். இதில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

பின்னணி

ஐந்து வயது லாப்ரடார் பெண்நாய். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை அறுவை செய்யப்பட்டது. எடை 36 கிலோ. அதன் எலும்புக்கட்டுக்கு 30 கிலோ இருந்திருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளம். வீட்டில் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, எண்பது வயதைத் தாண்டிய அவருடைய தாயார். மகன் வெளிநாட்டில். நாய் மகன் வாங்கியது, வளர்ப்பது பெற்றோர்.

காலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் கீழே கூட்டிப் போவார்கள். நடுவில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் அது சிறுநீரை அடக்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் ஒருநாளும் நனைத்ததில்லை என்பது அவர்களுக்குப் பெருமை. முதல் தடவை கேட்டபோது எனக்கும் அது நல்ல பழக்கமாகவே பட்டது. உணவு காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் தயிர்ச்சோறு, இரவில் கோழிக்கறி போட்ட சோறு.

நாள் 0 முதல் 97 வரை

நாள் 0 அன்று வந்த புகார் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் பழகியதுதான். அரை மணிக்கு ஒருமுறை உட்காருகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, கடைசிச் சொட்டில் ரத்தம். காய்ச்சல் இல்லை, சாப்பாடு குறையவில்லை. வீட்டுக்காரர் ஒரு கரண்டியில் பிடித்து, கழுவிய தைலப் புட்டியில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். டிப்ஸ்டிக் பட்டையை நனைத்தோம். ரத்தம் மூன்று பிளஸ், புரதம் இரண்டு பிளஸ், பி.எச். (அமில-கார அளவு; 7க்கு மேல் காரம்) 8, வெள்ளணு இல்லை.

இந்தப் பட்டை மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. வெள்ளணுக் கட்டம் நாய்களில் தொற்று இருந்தாலும் பல சமயம் நிறம் மாறாது. நைட்ரைட் கட்டத்தையும் நம்ப முடியாது. அடர்த்திக் கட்டம் உதவாது. அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். அந்தப் பட்டையில் அன்று எனக்குப் பயன்பட்டிருக்க வேண்டியது பி.எச். 8 என்ற ஒரே எண்தான். அதைக் குறித்துவைத்தேன். அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

எடைக்கேற்ற அளவில் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஏழு நாட்களுக்கு எழுதினேன். எரிச்சல் தணிய, மனிதர்களுக்கு நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப்பையும் சேர்த்தேன். மூன்றாம் நாளே சரியாகிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.

நாள் 41 அன்று அதே புகாரோடு வந்தபோது நான் ஊரில் இல்லை. உடன் பணியாற்றும் இளைய மருத்துவர் பார்த்தார். நாயின் நோய்ப்பதிவு அட்டையில் ‘போன முறை நன்கு கேட்டது’ என்று இருந்ததால் அதே மாத்திரையைப் பத்து நாட்களுக்கு எழுதினார். ஆனால் நான் பார்க்காத ஒன்றை அவர் பார்த்து எழுதியிருந்தார்: ‘பிறப்புறுப்பைச் சுற்றிய தோல் மடிப்பில் ஈரம், சிவப்பு, பழுப்புக் கறை.’ ஊர் திரும்பி அதைப் படித்தேன். தோல் பிரச்சினை என்று நினைத்து ஒரு களிம்பைப் பரிந்துரைத்ததோடு சரி.

அதற்கடுத்த முறை எங்களிடம் வரவே இல்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் நின்றதும் நிறுத்திவிட்டார்கள். வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் நடந்திருக்கின்றன. தொற்றை அவை போக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அவற்றுக்காக வீட்டுக்காரரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியும் இல்லை. நாங்கள் செய்ததும் காரணம் தேடாத வைத்தியம்தான்.

நாள் 97 அன்று நாயை மறுபடி கூட்டிவந்தார்கள். ‘இந்தத் தடவை மாத்திரை கேக்கல டாக்டர்’ என்றார் வீட்டுக்காரர்.

அட்டையை விரித்துப் பார்த்தபோது

அன்று மாலைதான் பழைய பதிவுகளைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தேன். நாய், பூனைகளின் சிறுநீர்த் தொற்றுக்கு 2019இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, ஆறு மாதங்களில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ வந்தால் அது ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’. அப்படிப்பட்ட நாய்க்குக் கல்ச்சர் (சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது) செய்ய வேண்டும், அடியில் என்ன காரணம் இருக்கிறது என்று தேட வேண்டும். எங்கள் நாய் அந்த வரம்பை நாள் 41 அன்றே தொட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் மாத்திரை மூன்று நாளில் கேட்டதுதான் எங்களை ஏமாற்றியது. ரத்தம் நின்றதைக் கிருமி போனதாக எடுத்துக்கொண்டோம்.

கடைசி மாத்திரை கொடுத்து ஐந்து நாட்கள் ஆகியிருந்ததால், மருந்தின் தாக்கம் நீங்கட்டும் என்று காத்திருக்காமலே கல்ச்சருக்கு எடுக்க முடிந்தது. மறுநாள் காலை, சிறுநீர் கழிக்க விடாமல் நாயை அழைத்துவரச் சொன்னோம்.

நாள் 98: ஊசி வழியே எடுத்த சிறுநீர்

கரண்டியில் பிடித்த சிறுநீரில் முடி, தோல், தரை எல்லாவற்றின் கிருமியும் இருக்கும். ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி எடுத்தால் அந்தக் கலப்படம் இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பயங்கரமாகத் தெரியும். நாய்க்குத் தடுப்பூசி போட்ட அளவுதான் வலி. வீட்டுக்காரரின் மனைவி அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது அசையவில்லை.

ஸ்கேன் கருவியை வைத்ததுமே பாதி விடை திரையில் வந்துவிட்டது. சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருந்தது. அடியில் வெள்ளையாகப் பளிச்சிடும் விளிம்புகள், அவற்றுக்குக் கீழே கறுப்பு நிழல். கல். எக்ஸ்ரேயில் எண்ணினோம்: ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டரில் இரண்டு, அவற்றைச் சுற்றிப் பட்டாணி அளவில் ஐந்தாறு.

சிறுநீரின் பி.எச். 8.5. அடர்த்தி 1.032. எடுத்த அரை மணிக்குள் நுண்ணோக்கியில் பார்த்தோம். குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு பார்த்தால் இல்லாத படிகங்களும் உருவாகிவிடும். வெள்ளணுக்கள் நிறைய, உருண்டைக் கிருமிகள் கொத்துக் கொத்தாக, சவப்பெட்டி மூடி போன்ற வடிவத்தில் ஸ்ட்ரூவைட் படிகங்கள். ரத்தத்தில் சர்க்கரையும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினும் இயல்பு. நீரிழிவு இல்லை. அதிகம் தண்ணீர் குடிக்கவில்லை, சிறுநீரும் அடர்த்தியாகவே இருந்தது என்பதால் குஷிங் நோயை (கார்ட்டிசால் ஹார்மோன் மிகும் நோய்) தேடிப் போகவில்லை.

கல்ச்சருக்கு மனிதர்களுக்கான ஆய்வகத்துக்குத்தான் அனுப்பினோம். எங்கள் ஊரில் அதுதான் வழி. மூன்றாம் நாள் அறிக்கை: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். என்ரோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்பு, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படும். நாய்களின் தோலிலும் சிறுநீரிலும் வழக்கமாக வருவது ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற இனம். மனித ஆய்வகங்கள் அதை ஆரியஸ் என்று எழுதிவிடுவது உண்டு. பெயர் எதுவானாலும், இந்தச் சூழலில் முக்கியமான குணம் ஒன்றுதான்: அது யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது.

இங்கே நோயின் கதை ஒன்றுசேர்ந்தது. யூரியேஸ் சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரமாகிறது. காரச் சிறுநீரில் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் கல்லாகப் படிகின்றன. கல் வளரும்போது கிருமிகளும் அதன் அடுக்குகளுக்குள் சிக்கிக்கொள்கின்றன. மாத்திரை சிறுநீரில் மிதக்கும் கிருமிகளைக் கொல்லும். கல்லுக்குள் இருப்பவற்றைத் தொடாது. மாத்திரை நின்ற சில வாரங்களில் அவை வெளியே வந்து பெருகும். நாய்களில் ஸ்ட்ரூவைட் கற்கள் பெரும்பாலும் இப்படித் தொற்றால் வருபவை. பூனைகளில் பெரும்பாலும் தொற்றில்லாமலே வரும். பூனைக்குச் சொன்ன அறிவுரையை நாய்க்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் நாள் பட்டையில் கண்ட பி.எச். 8 இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுதிக்கொடுத்த சிரப்போ சிறுநீரை மேலும் காரமாக்கும் மருந்து. ஸ்ட்ரூவைட் கல்லுக்கு அதைவிடப் பிடித்தமான ஒன்று இருக்க முடியாது. அன்றைக்கும் இது என் மண்டையில் உறைக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கத்தியா, உணவா

‘ஆபரேஷன் பண்ணிக் கல்லை எடுத்துட்டா ஒரேயடியா முடிஞ்சுபோகும்ல டாக்டர்?’ என்று கேட்டார் வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. வயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பையை வெட்டிக் கல்லை எடுப்பது எங்களுக்குப் பழகிய அறுவைதான்.

இருந்தும் கரைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். இது ஸ்ட்ரூவைட் கல்லாக இருக்கவே வாய்ப்பு மிகுதி: பெண்நாய், காரச் சிறுநீர், யூரியேஸ் கிருமி, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் கல், படிகமும் அதே வகை. ஸ்ட்ரூவைட் கரையும், இன்னொரு வகைக் கல்லான கால்சியம் ஆக்சலேட் கரையாது. பெண்நாயின் சிறுநீர்த்தாரை அகலமும் குட்டையும் ஆனது என்பதால், கல் சிறுத்து வரும்போது அடைத்துக்கொள்ளும் ஆபத்து குறைவு. ஆண்நாயாக இருந்திருந்தால் இவ்வளவு தைரியம் வந்திருக்காது. 36 கிலோ கொழுத்த உடலுக்கு மயக்க மருந்து கொடுக்கத் தயக்கம் வேறு. அறுவையில் சிறு கல் ஒன்று உள்ளே தங்கிவிடுவதும் நடக்கும். அதற்காகவே அறுவை முடிந்ததும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

கல் கரைப்பதற்கென்று தயாரிக்கப்படும் மருத்துவ உணவு கடைகளில் கிடைக்கிறது. அதில் மக்னீசியமும் பாஸ்பரஸும் குறைவு; சிறுநீரை அமிலமாக்கும்; தாகத்தைக் கூட்டிச் சிறுநீரை நீர்க்கச் செய்யும். கூடவே ஆன்டிபயாடிக். வேறு எதுவும் வாயில் படக் கூடாது. மாதச் செலவு அந்தக் குடும்பத்துக்குச் சுமைதான். மகன் அனுப்புவதாகச் சொன்னார். ஒரு விதியையும் முன்கூட்டியே எழுதி வைத்தேன்: நான்கு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் கல் சிறுத்திருக்காவிட்டால் அறுவை.

ஆன்டிபயாடிக்கைக் கல் கரையும்வரை தொடர்ந்து கொடுத்தோம். கல்லின் அடுக்கு ஒவ்வொன்றும் கரையக் கரையக் கிருமி வெளிவரும் என்பது அதற்கான பழைய காரணம். அவ்வளவு நீண்ட காலம் தேவைதானா என்ற கேள்வியைப் பின்வந்த சிறு ஆய்வுகள் எழுப்பியிருக்கின்றன. இன்று இதே நாய் வந்தால் அத்தனை நாட்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

நாள் 131: கல் கரையவில்லை

ரத்தம் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் கல் அப்படியே இருந்தது. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி அளந்தோம். மாற்றமே இல்லை. நான் எழுதிய விதிப்படி அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டும். இளைய மருத்துவர், ‘ஆக்சலேட்டா இருக்கும் சார்’ என்றார்.

அன்றைய சிறுநீர்ச் சோதனை இடித்தது. கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. அதாவது யூரியேஸ் நின்றுவிட்டது. பி.எச். மட்டும் 8. அடர்த்தி 1.034. அந்த உணவை ஒழுங்காகச் சாப்பிடும் நாயின் சிறுநீர் அமிலமாகவும் நீர்த்தும் இருந்தாக வேண்டும். கிருமியும் இல்லை, உணவும் மாறிவிட்டது என்றால் காரம் எங்கிருந்து வருகிறது?

‘நீங்க சொன்னதைத் தவிர வேற ஒண்ணுமே குடுக்கல டாக்டர்’ என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னார். பொய் சொல்கிறவர் அல்ல. கல்ச்சர் அறிக்கை வந்த அன்று மாலை வீட்டுக்கே போனேன். இது எங்கள் வழக்கம் இல்லை. நாய்க்குக் கத்தி வைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான்.

இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, பாட்டி. மதியம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் தன் தட்டிலிருந்து தயிர்ச்சோற்றைப் பிசைந்து நாலு கவளம் நாய்க்கு ஊட்டிவிட்டுத்தான் தாம் சாப்பிடுவார். ‘அது வாயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கையில நான் எப்படித் தம்பி முழுங்குறது?’ என்று என்னிடமே கேட்டார். வயிறு நிறைந்த நாய் தன் உணவில் பாதியை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தது. வெயிலுக்குப் பசி குறைந்துவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார்.

இரண்டாவது, சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த சிரப் பாட்டில். நான் நாள் 0 அன்று எழுதிக்கொடுத்தது. காலையும் இரவும் பத்து மில்லி, இன்றுவரை. தீரத் தீரப் புதிது வாங்கியிருக்கிறார்கள். ‘நீங்க சொன்னதுதானே டாக்டர், நீர்க்கடுப்புக்கு.’ நிறுத்தச் சொல்லி நான் எழுதவே இல்லை. ‘வேறு எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று சொன்னபோது அவர் காதில் அது உணவைப் பற்றியதாகத்தான் விழுந்திருக்கிறது. நான் ஒரு கையால் அமில உணவு கொடுத்து மறு கையால் கார மருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரப்பை அன்றே நிறுத்தினோம். தவறு என்னுடையது என்று அவர்களிடம் சொன்னேன். பாட்டியிடம் ‘கொடுக்காதீர்கள்’ என்று சொல்வதில் பயன் இல்லை என்று தோன்றியது. அன்றைய மருத்துவ உணவில் கால் பங்கை ஒரு கிண்ணத்தில் பிரித்து, மதியம் அவரே தம் கையால் ஊட்டட்டும் என்று ஏற்பாடு செய்தோம். ‘சோறு இல்லேன்னா என்ன, என் கையால தின்னா சரி’ என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் விதி மீறாதவர் அவர் ஒருவரே என்று மருமகள் பிற்பாடு சொன்னார்.

அறுவையைத் தள்ளிவைத்தோம். விதியை மீறியதற்குக் காரணம், சிகிச்சை தோற்கவில்லை, தொடங்கவே இல்லை என்பது.

ஒரு வாரத்தில் பி.எச். 6க்கு இறங்கியது, அடர்த்தி 1.015. நாள் 160 அன்று பெரிய கற்கள் பாதியாகியிருந்தன, சிறியவை காணோம். நாள் 189 அன்று எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக்கை நிறுத்தினோம். ஒரு வாரம் கழித்து எடுத்த கல்ச்சரில் வளர்ச்சி இல்லை. எக்ஸ்ரேக்குத் தெரியாத பொடிக்கல் இருக்கக்கூடும் என்பதால் உணவை மட்டும் இன்னும் நான்கு வாரம், நாள் 217 வரை தொடர்ந்தோம். தொற்றால் வந்த கல்லுக்கு அந்த உணவு வாழ்நாள் முழுக்க வேண்டியதில்லை. தொற்று வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாள் 262: மீண்டும் ரத்தம்

தொலைபேசியில் வீட்டுக்காரரின் குரலே மாறியிருந்தது. ‘எல்லாம் வீணாப் போச்சு டாக்டர்.’ எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஊசி வழியே சிறுநீர் எடுத்தோம். ஸ்கேனில் கல் இல்லை. பி.எச். 6.5. நுண்ணோக்கியில் வெள்ளணுக்களும் கோல் வடிவக் கிருமிகளும். மூன்றாம் நாள் ஆய்வக அறிக்கை ‘குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை’ என்றது. கிருமியைக் கண்ணால் பார்த்திருந்ததால் விடவில்லை. ஆய்வகத்துக்குப் பேசினேன். மில்லிலிட்டருக்கு ஆறாயிரம் அளவில் ஈ. கோலை வளர்ந்திருந்தது. மனிதர்கள் பிடித்துத் தரும் சிறுநீருக்கு ஒரு லட்சம் என்ற பழைய வரம்பை வைத்து அதை அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஊசியால் எடுத்த மாதிரியில் ஆயிரம் இருந்தாலே பொருட்படுத்த வேண்டும். தவறு அவர்களுடையது மட்டும் அல்ல. எப்படி எடுத்த சிறுநீர் என்று படிவத்தில் நாங்கள் எழுதவில்லை.

முன்பு வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ். இப்போது ஈ. கோலை. அதே கிருமி திரும்பியிருந்தால் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். கல்லையோ சிறுநீரகத்தையோ தேட வேண்டும். வேறு கிருமி வந்தால் வெளியிலிருந்து புதிதாக ஏறுகிறது. வாசலைப் பார்க்க வேண்டும்.

வாசலில் என்ன இருந்தது என்பதை இளைய மருத்துவர் நாள் 41 அன்றே எழுதியிருந்தார். இருநூறு நாட்களுக்கு மேல் அந்த வரி அட்டையில் கிடந்திருக்கிறது. நாயை மேசையில் நிற்க வைத்து வாலைத் தூக்கி, பின்புறத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பார்த்தேன். பிறப்புறுப்பு முழுவதும் கொழுத்த தோல் மடிப்புக்குள் புதைந்திருந்தது. மடிப்பின் உள்ளே ஈரமும் நாற்றமும். சிறுநீர் கழித்த பிறகு அங்கே தேங்கும் துளிகளில் தோல் ஊறிக்கொண்டே இருக்கிறது; மலவாசலின் கிருமிகளும் அங்கே சேர்கின்றன. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெண்நாய்களில் பிறப்புறுப்பு சிறிதாகவே நின்றுவிடுவது உண்டு. அதன்மேல் எடை கூடினால் இந்த மடிப்பு. எடை போட்டுப் பார்த்தோம், 37.4 கிலோ. கல் கரைக்கும் உணவில் கொழுப்பு அதிகம். கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த நான் எடையைப் பார்க்கவில்லை.

தொற்றுக்கு, அறிக்கைப்படி கட்டுப்படும் டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாவை ஐந்தே நாட்கள் கொடுத்தோம். சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்பதே இன்றைய நிலை. முன்பு பத்து நாள் எழுதியதில் பயன் இருந்ததாகத் தெரியவில்லை.

மடிப்புத் தோலைப் பிறை வடிவில் வெட்டித் தைக்கும் அறுவை உண்டு. நல்ல பலன் தரும். அதைப் பற்றிச் சொன்னேன். ஆனால் ஆறேழு கிலோ குறைந்தால் மடிப்பு எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் வெட்டுவது சரியாகப் படவில்லை. எடை குறைப்பதை முதலில் வைத்தோம். கோப்பையால் அளப்பதை விட்டுச் சமையல் தராசில் கிராம் கணக்கு. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு. தினமும் ஒருமுறை குளோர்ஹெக்சிடின் நனைத்த துணியால் மடிப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரம் எடுக்க வேண்டும். பெரும்பாலோர் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கீழே கூட்டிப்போவதுதான் கடினமாக இருந்தது. நாளுக்கு நான்கு முறை என்றேன். மூட்டுவலியுள்ள இருவருக்கு மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் அது நடக்காத காரியம். மூன்று முறை என்று சமாதானம் செய்துகொண்டோம். மூன்றாவது முறையை மாலை நான்கு மணிக்குக் குடியிருப்பின் காவலாளி ஏற்றுக்கொண்டார். இரவு நேரத்தைப் பத்து மணிக்குத் தள்ளினோம். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று இருந்த இடத்தில் மூன்று வைத்தார்கள்.

நாள் 352: கிருமி உண்டு, நோய் இல்லை

மூன்று மாதச் சோதனைக்கு வந்தபோது எடை 35. எந்தத் தொந்தரவும் இல்லை. இருந்தும் ஒரு கல்ச்சர் அனுப்பினேன். அறிக்கையை ஆய்வகம் வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டது: ஈ. கோலை, ஒரு லட்சத்துக்கு மேல். பத்து நிமிடத்தில் அவர் அழைப்பு. என்ன மாத்திரை வாங்க வேண்டும் என்று கேட்டார்.

எதுவும் வேண்டாம் என்றேன். நம்ப முடியாமல் இரண்டு முறை கேட்டார். நுண்ணுயிர் இருந்தும் அறிகுறி இல்லாத நாய்களுக்கு மருந்து கொடுப்பதால் பயன் இல்லை என்பதே வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. கொடுத்தால் அந்தக் கிருமி போய், மருந்துக்குக் கட்டுப்படாத இன்னொன்று அந்த இடத்துக்கு வரலாம். யூரியேஸ் சுரக்கும் கிருமியாக இருந்திருந்தால், இந்த நாய்க்கு ஏற்கெனவே கல் வந்த காரணத்தால் யோசித்திருப்பேன். ரத்தம், அடிக்கடி உட்காருதல், நாற்றம், சோர்வு இவற்றில் ஒன்று தென்பட்டால் உடனே வாருங்கள், இல்லாவிட்டால் நான்கு வாரம் கழித்து வாருங்கள் என்றேன். அந்த நான்கு வாரமும் அவருக்குத் தூக்கம் இல்லை என்று பின்னால் சொன்னார்.

நாள் 380 அன்று எடுத்த சிறுநீரில் ஒன்றும் வளரவில்லை.

யோசித்துப் பார்த்தால், நாள் 352 அன்று அந்தக் கல்ச்சரை நான் அனுப்பியிருக்கவே கூடாது. மருந்து கொடுக்கப் போவதில்லை என்றால், சோதனை அவர்களுக்குப் பயத்தைத் தவிர வேறென்ன தரும்?

நாள் 640

எடை 31 கிலோ. நாள் 262க்குப் பிறகு நோய் திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் கல் இல்லை. மடிப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் நிற்கும்போது பிறப்புறுப்பு வெளியே தெரிகிறது, தோல் உலர்ந்திருக்கிறது. அறுவையைப் பற்றிய பேச்சைக் கிடப்பில் போட்டிருக்கிறோம். தொற்று மீண்டும் வந்தால் எடுத்துக்கொள்வோம்.

மாற்றிக்கொண்டவை

ஓராண்டில் இரண்டாம் முறை சிறுநீர்த் தொற்றோடு வரும் எந்த நாய்க்கும் இப்போது பழைய சீட்டைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை. ஊசி வழிச் சிறுநீர், கல்ச்சர், ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே. செலவைக் காரணம் காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எக்ஸ்ரேயையாவது எடுத்துவிடச் சொல்கிறேன். இந்தக் குடும்பம் கடைசியில் செலவழித்த தொகையைப் பார்த்தால், நாள் 41 அன்றே எல்லாச் சோதனைகளையும் செய்திருந்தால் மிச்சம்தான்.

பி.எச். தெரியாமல் சிட்ரேட் சிரப் எழுதுவதை நிறுத்திவிட்டோம். எரிச்சலுக்கு வலிமாத்திரை போதும். எந்த மருந்து எழுதினாலும் என்று நிறுத்த வேண்டும் என்பதைத் தமிழில், தேதியோடு எழுதுகிறோம். மறுபடி வரும்போது வீட்டிலிருக்கும் பாட்டில்களையும் அட்டைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம். ஒரு பையில் மூன்று வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய ஒரே ஆன்டிபயாடிக் மூன்று பெயர்களில் இருந்ததும் உண்டு.

ஆய்வகப் படிவத்தில் ‘நாய், சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியால் எடுத்தது, எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் தெரிவிக்கவும்’ என்று ரப்பர் முத்திரை ஒன்று குத்துகிறோம். பெண்நாய் என்றால் வாலைத் தூக்கிப் பார்ப்பது முதல் வருகையிலேயே நடக்கிறது. அட்டையில் அதற்கென ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறோம். உணவு பற்றிக் கேட்கும்போது, கூட்டிவந்தவரை மட்டும் கேட்பதில்லை. மதியம் வீட்டில் யார் இருப்பார்கள் என்றும் கேட்கிறோம்.